பூனையிடம் சொல்லியனுப்பியவர்

அவர் மனிதர்களிடம் நேராகப் பேசி நான் பார்த்ததில்லை. யாரிடம் என்ன சொல்ல வேண்டியிருந்தாலும், அந்த நேரத்தில் கையில் இருக்கும் நாயிடமோ பூனையிடமோதான் சொல்வார். கேட்க வேண்டியவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

"இன்னாடா ராஜா, இப்பிடி ஊதிகினு வந்துகீற? உங்கப்பா வாங்குற பிஸ்கோத்தெல்லாம் உனுக்கே போட்டுடறாரா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு உன்ன ரோட்ல இட்டுகினு நடந்தாரா? இல்ல, உன்ன கம்பத்துல கட்டிட்டு அவரு போன நோண்டிகினு கீறாரா? கேட்டுச் சொல்லு கண்ணு."

எடை பார்க்கும் மேடையில் ஏற மறுத்த ஒரு லேப்ரடாரின் காதுக்குள் இதைச் சொன்னார். சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் எங்கோ பெரிய வேலையில் இருப்பவர். அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

"நாளையிலேர்ந்து கூட்டிட்டுப் போறேங்க்கா."

அக்கா அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நாளைக்காம். நம்பாத," என்று நாயிடம் சொல்லிவிட்டு அதை அலாக்காகத் தூக்கி மேடையில் வைத்தார்.

எங்கள் கிளினிக் அம்பத்தூரிலிருந்து ஆவடி போகும் சாலையில், திருமுல்லைவாயில் பக்கம் இருக்கிறது. காலையில் கதவைத் திறக்கும்போதே வாசலில் கூட்டம் நிற்கும். கூடைக்குள் பூனைகள், மடியில் முயல்கள், அப்பார்ட்மெண்ட்களில் வளரும் வெளிநாட்டு நாய்கள், பழைய ஊர்க்காரர்கள் கயிற்றோடு இழுத்துவரும் ஆடுகள். ஒன்று குரைத்தால் எல்லாம் குரைக்கும். நான் அங்கே முன்மேசையில் பெயர் பதிகிறவள். எல்லா மிருக ஆஸ்பத்திரிகளிலும் போல எங்களிடமும் வருகிறவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. 'டாமி அம்மா வாங்க', 'பிங்கி அப்பா வாங்க' என்றுதான் கூப்பிடுவோம். கலெக்டரே வந்தாலும் பிங்கி அப்பாதான்.

டாக்டர் ஊசி போடும்போது மிருகத்தை அசையாமல் பிடித்துக்கொள்வது அக்காவின் வேலை. குள்ளமான உருவம். முழங்கைவரை பழைய கீறல் தழும்புகள். பூ வைக்க மாட்டார், பவுடர் போட மாட்டார். அந்த வாசனை மிருகங்களுக்கு ஆகாது என்பார். அதையும் ஏதோ ஒரு ஆட்டிடம் சொல்லித்தான் நான் கேட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திமிர் என்று நினைத்தேன். இந்த வயதில், ஒரு பட்டப்படிப்பை வைத்துக்கொண்டு, முடி பறக்கும் மேசையில் வந்து உட்கார்ந்தவளை இவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். காரணம் அது இல்லை. என்னிடம் மிருகம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை யாரோ அட்டைப்பெட்டியில் பூனைக்குட்டிகளைப் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கண்கூடச் சரியாகத் திறக்காத குட்டிகள். ஊசி இல்லாத சிரிஞ்சில் பாலை எடுத்து ஒன்றின் வாயில் சொட்டுச் சொட்டாக விடும்படி டாக்டர் என்னிடம் கொடுத்தார். நான் விட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வந்து என் மடிமேல் குனிந்தார்.

"டேய் குட்டி, உங்கம்மா காலீலேர்ந்து ஒண்ணும் துன்னல. டீ ஆறிப்போய் மேல ஆடை கட்டிகினு கீது. அத்த குட்ச்சிட்டு உனுக்கு ஊத்தினா போதும்னு சொல்லு. நீ ஒண்ணும் ஓடிட மாட்ட."

உங்கம்மா என்றது யாரை என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு மேசையில் ஆறிக்கிடந்த டீயைப் பார்த்தேன்.

நான் அப்போது சாப்பிடுவதை நிறுத்தியிருந்தேன். வேண்டுமென்று செய்ததல்ல. என் மகன் கதிர் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு மாலை கல்லூரி முடிந்து பைக்கில் வரும்போது லாரி இடித்தது. உயிர் தங்கியது. தலையில் பட்ட அடியில் மற்ற எல்லாம் எங்கோ போய்விட்டன. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அவன் கண் திறந்துதான் இருக்கும். எதைப் பார்க்கிறது என்று தெரியாது. மூக்கில் ஒரு குழாய் வழியாகக் கஞ்சி. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறைதான் அவன் அறை. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவர் மாலை ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் அவர் பார்த்துக்கொள்வார், நான் கிளினிக் போவேன். நான் திரும்பியதும் அவர் கிளம்புவார். வாசலில் செருப்பு மாட்டும்போது பேசிக்கொள்வதுதான் எங்கள் குடும்பப் பேச்சு.

இதை நான் கிளினிக்கில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் குழாய் அடைத்துக்கொண்டது என்று என் கணவர் பதறிப்போய் போன் செய்தார். வெந்நீர் விட்டுப் பாருங்கள், மெதுவாக, பையன் இருமினால் நிறுத்திவிடுங்கள் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு கிழட்டுப் பூனையின் காதைச் சுத்தம் செய்துகொண்டே அக்கா கேட்டார்:

"தம்பி பேரு இன்னாவாம் பூஸு? கேட்டுச் சொல்லு."

"கதிர்," என்றேன். நானும் பூனையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து எந்த மிருகத்திடம் என்னைப் பற்றிச் சொன்னாலும் 'கதிரம்மா' என்றுதான் சொல்வார். கிளினிக்கில் எல்லோருக்கும் இருக்கும் பெயர் எனக்கும் கிடைத்தது.

அக்காவைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதினால் அது அவராக இருக்காது. அவர் நாக்குக்கு எல்லோரும் பயப்படுவார்கள். ஒருமுறை ஒரு வயதான பொமரேனியன் வந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கூட வந்தது அம்மாவும் மகளும். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அக்கா அதன் தலையைத் தடவியபடி, "கெளம்பிட்டியா கண்ணு? போறதுன்னா போ. இவங்க அயுவாங்க, அயட்டும். நீ இவங்களுக்கோசரம் கஸ்டப்பட்டுகினு நிக்காத," என்றார்.

அந்தப் பெண் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா சத்தம் போட்டார். கூடியிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் வெளியே வந்து, முதல்முறையாக அக்காவை எல்லோர் முன்னாலும் திட்டினார்: "உங்க வேலை புடிக்கிறது மட்டும்தான். வாயத் தொறக்காதீங்க."

அக்கா வாயை மூடிக்கொண்டார். மறுநாளும் மூடியிருந்தார். அதற்கடுத்த நாளும். நாய்களைப் பிடிப்பார், விடுவார், தரையைத் துடைப்பார். கிளினிக்கில் சத்தம் மட்டும் கூடியது. பழகிய நாய்கள்கூட அவர் கைக்குள் திமிறின. டாக்டரின் கையை ஒரு பூனை கிழித்துவிட்டது. கடைசியில் டாக்டரே அதே பூனையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"ஏய், அந்த அக்காகிட்ட சொல்லு. டாக்டருக்குப் புத்தி வந்துடுச்சாம். பேசச் சொல்லு."

அக்கா பூனையை வாங்கிக்கொண்டார். "இப்பத்தான் வந்துச்சாமா?" என்று அதனிடம் கேட்டார்.

அந்தப் பொமரேனியன் சாகவில்லை. பிறகும் நெடுநாள் இருந்தது. அந்தப் பெண்ணே அதைக் கூட்டிவந்து அக்கா முன்னால் நிறுத்தினாள். அது வாலை ஆட்டியது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். "என்ன பொய்க்காரி ஆக்கிட்டியே பேமானி," என்று சொல்லிவிட்டு அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு முறை. ஞாயிற்றுக்கிழமை, மதியத்தோடு கிளினிக்கை மூடியபிறகு, ஒரு பையில் சாத்துக்குடியோடு வாசலில் வந்து நின்றார். கையில் மிருகம் இல்லை. இவர் இப்போது யாரிடம் பேசுவார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

கதிரைப் பார்க்க வருகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கட்டிலின் கால்மாட்டில் நிற்பார்கள். அவன் தலைக்கு மேலே எங்களிடம் பேசுவார்கள். எப்படி இருந்த பிள்ளை என்பார்கள். டாக்டர் என்ன சொல்கிறார், ஏதாவது முன்னேற்றம் உண்டா என்பார்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர், இப்படிக் கிடப்பதற்கு அன்றைக்கே என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கதிர் நடுவில் படுத்திருப்பான், மேசை மாதிரி.

அக்கா நேராகப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தார். கிளினிக்கில் மிருகங்களுக்கு வைப்பது போலவே அவன் பிடரியில் கையை வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையையுமா என்று இருந்தது.

"இன்னா கதிரு, ராஜா மாரி படுத்துகினு கீற? உங்கம்மா அங்க இன்னா கூத்து பண்றா தெரியுமா? டைகர்னு ஒரு பூன. பேர பாத்துட்டு ஆம்பளன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா. அது போன வாரம் வந்து நாலு குட்டி போட்டுகினு போச்சு. டாக்டரு தலையில கைய வச்சிகினு ஒக்காந்துட்டாரு."

வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்த என் கணவர் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு பயந்தவர் போல என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நெடுநாளாகியிருந்தது.

"கொஞ்சம் திரும்பிக்கறியா கண்ணு," என்று அவனிடம் கேட்டுவிட்டு, அக்கா அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். இடுப்பெலும்பு துருத்தும் இடத்தைப் பார்த்தார். குதிகால்களைத் தூக்கிப் பார்த்தார். காது மடலை மடக்கி அதன் பின்னால்கூடப் பார்த்தார். நான் பரீட்சை முடிவுக்கு நிற்பவளைப் போல நின்றேன்.

பார்த்து முடித்ததும் அவன் சட்டையை இழுத்துவிட்டார்.

"ஒரு புண்ணு இல்ல. ஒரு செவப்பு கூட இல்ல. நானு எத்தினியோ படுத்த ஜீவன பாத்துட்டேன் கதிரு. நாலு நாள்ல தோலு உரிஞ்சி, ஈ மொய்ச்சிகினு கெடக்கும். நீ எம்மா நாளா படுத்துகினு கீற? உடம்பு கண்ணாடி மாரி கீது. உங்கம்மாகிட்ட சொல்லு, அவ ஒயுங்கா பாத்துகினு கீறா. உங்கப்பாவும்தான். கொஞ்ச நேரம் தூங்கச் சொல்லு. தூங்கினா நீ ஒண்ணும் கோச்சிக்க மாட்டன்னு சொல்லு."

அவன் எழுந்துவிடுவான் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கோயிலில், மருந்துக் கடையில், பஸ்ஸில். நான் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். நான் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து, சரியாகச் செய்கிறாய் என்று அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். அடுப்பைப் பற்ற வைக்காமல் நின்றிருந்தேன்.

அங்கே நின்றபடிதான் அடுத்ததைக் கேட்டேன்.

"உங்கம்மா உன்கூட பேசறதில்லயாமே? நீ பதிலு சொன்னாத்தான் பேசுவாளாமா? நானு காலீலேர்ந்து ராத்திரி வரிக்கும் பேசிகினு கீறேன். எந்த நாயாச்சும் பதிலு சொல்லிச்சா?"

இது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். கதிர், அம்மா பாருடா, கையை அசைடா, அம்மா சொல்வது கேட்டால் கண்ணை மூடித் திறடா. எல்லாம் கேள்வியாகவும் கட்டளையாகவும் இருந்தன. எதற்கும் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு நின்றுபோனது. துடைப்பேன், திருப்புவேன், கஞ்சி விடுவேன், வாய் திறக்க மாட்டேன்.

மறுநாள் கிளினிக்கிலிருந்து வந்ததும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதையும் கேட்கவில்லை. "இன்னைக்கு ஒரு ஆடு வந்துச்சுடா. யாரோ டிகிரி வாங்கின காகிதத்தைத் தின்னுடுச்சாம்," என்று ஆரம்பித்தேன். அக்கா அந்த ஆட்டிடம் என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன். "படிச்சவனுக்கே அது செரிக்கல, உனுக்கு எப்பிடி செரிக்கும்?"

அதிலிருந்து தினமும் அவனுக்கு ஒரு செய்தி இருந்தது. அக்காவும் ஏதாவது கொடுத்தனுப்புவார். நான் கிளம்பும் நேரத்தில் எந்த மிருகம் கையில் இருக்கிறதோ அதனிடம், "கதிருகிட்ட சொல்லச் சொல்லு, மழ வருதாம், அவனுக்கு இன்னா, ஜாலியா படுத்துகினு பாக்கலாம்னு," என்பார். சில நாள் கிண்டல். சில நாள் வெறும் விசாரிப்பு. நான் ஒரு வார்த்தை விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவர் பேசுவது போலவே பேசிக் காட்டுவேன்.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் எல்லாம் செய்வார். முகம் மழித்துவிடுவார், நகம் வெட்டிவிடுவார். எல்லாம் வாய் திறக்காமல். "அவனுக்குக் கேக்குதான்னே தெரியாது," என்றார் ஒருமுறை, செருப்பை மாட்டிக்கொண்டே. "கேக்குதுன்னு நம்பி நீ இவ்வளவு பேசற. நாளைக்கு ஒண்ணுமே கேக்கலன்னு டாக்டர் சொன்னா, நீ மறுபடியும் முதல்லேர்ந்து உடையணும். என்னால அதைப் பாக்க முடியாது."

அவனுக்குக் கேட்கிறதா என்று எனக்கும் தெரியாதுதானே.

ஒரு புதன்கிழமை அக்கா வேலைக்கு வரவில்லை. அவர் லீவு போடுகிறவரே இல்லை. கூட்டம் வழிந்துகொண்டிருந்தது. டாக்டரே ஒரு கையால் பிடித்து ஒரு கையால் ஊசி போட்டார். பத்து மணிவாக்கில் அக்காவின் தம்பி போன் செய்தார். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

சேக்காட்டில் தம்பி வீட்டில்தான் அவர் இருந்தார். அதுவரை அதுகூட எனக்குத் தெரியாது. சின்ன சந்து. ஐஸ் பெட்டிக்குள் அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தார். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். டாமி அம்மா, பிங்கி அப்பா. யார் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கும் வேறு பெயர் இல்லை. தம்பி மனைவி திகைத்துப்போய் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாரும்மா இவங்கல்லாம்? எங்களுக்கு ஒண்ணுமே தெரிலயே. ஊட்ல அது வாயே தொறக்காது. சாப்ட்றியான்னு கேட்டா தலையாட்டும். அங்க வந்து பேசுமா?"

"பேசுவாங்க," என்றேன். "நிறையப் பேசுவாங்க."

"இன்னா பேசும்?"

நான் தெருவையும் வீட்டையும் பார்த்தேன். ஒரு கோழிகூட இல்லாத வீடு. இந்த வீட்டில் இத்தனை வருஷம் அவர் யாரிடம் என்ன சொல்லியிருக்க முடியும்?

அன்று வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, கதிர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னைக்கு அக்கா ஒரு முயல்கிட்ட பேசினாங்கடா," என்றேன். என்ன சொன்னார் என்று நானே ஒன்றைக் கட்டிச் சொன்னேன். மறுநாளும் ஒன்று கட்டினேன். அதற்கடுத்த நாளும். அவர் பேச்சில் இருக்கும் உப்பு என் கற்பனையில் வரவில்லை. பாதியில் முடியாமல் போனால் எழுந்துபோய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மீதியைச் சொன்னேன்.

ஒரு ஞாயிறு மாலை, அவனை ஜன்னல் பக்கமாகத் திருப்ப நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போல, "அக்கா கேட்டாங்கடா," என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை வெளியே அடுப்படிக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தம்மா போயி எவ்வளவு நாளாச்சு. இன்னும் ஏன் அவன்கிட்ட சொல்லாம இருக்க?"

"எப்படிங்க சொல்றது? தாங்க மாட்டான்."

சொன்னபிறகுதான் என் காதில் அது விழுந்தது. அவர் காதிலும் விழுந்தது. அவன் காதில் விழக்கூடாது என்று அவர் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். நானும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுவிடக்கூடாது என்றுதான் நான் இத்தனை நாளும் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

அவர் முகம் என்னவோ போல ஆயிற்று. முன்னறைக்குத் திரும்பிப் போனார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கதிரின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"கதிரு," என்றார். விபத்துக்குப் பிறகு அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "கதிரு, அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்டா."

பிறகு என்னைப் பார்த்தார்.

"வந்து உக்காரு. நான் புடிச்சிக்கறேன், நீ சொல்லு."